விண்ணப்பம் போடும் முன்னரே நம்மை நிராகரிப்பது யார்?



நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் 'மாஷா அல்லாஹ்' போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் என் சலாம்.

போன மாதம் எங்களூர் ராத்தா ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டு ஃபெலோஷிப் ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். தெரிவாகவில்லை என்று இரண்டு பந்தியில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதை எனக்கு அனுப்பி, வாசித்து விளங்கப்படுத்தச் சொன்னார். சொன்னேன். "சரி புள்ள, அல்லாஹ் நாடல்ல" என்றார். குரலில் பெரிய கவலை தெரியவில்லை. கவலை அடுத்த கிழமைதான் வந்தது. ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒருவர், "அமெரிக்காவுக்குப் போற ஆள் இஞ்ச இருந்து சோறு தின்னுறா" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ராத்தாவும் சேர்ந்து சிரித்தாராம்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிராகரித்த இடத்தின் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. உலகம் முழுவதிலுமிருந்து வரும் விண்ணப்பங்களில் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள், அது தெரிந்துதான் போட்டோம். எனக்குக் கோபம் நம்மில்தான், என்னையும் சேர்த்து.

ராத்தாவுக்கு 61 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. நம் பக்கத்து மூத்தம்மாக்கள் பாடிய கவிகளையும் தாலாட்டுகளையும் இளவயதிலிருந்தே கொப்பிகளில் எழுதி வைத்தவர். யார் பாடியது, எந்த ஊர், எந்த நேரத்தில் பாடுவது, எந்தச் சொல்லை எந்தக் கிழவி மாற்றிச் சொன்னார் என்பதெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பார். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அந்தக் கொப்பிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. கூடாரத்தில் இருந்த நாட்களில், நினைவில் இருந்தவற்றை நிவாரணத்துக்கு வந்த கொப்பிகளில் திரும்ப எழுதினார். நினைவில் இல்லாதவற்றுக்காகப் பாடிய கிழவிகளைத் தேடிப் போனார். சிலர் கடலோடு போயிருந்தார்கள்.

இப்படி ஒரு ஆள் நம் தெருவில் இருக்கிறார். நமக்கு அவர் 'ரிட்டயர்ட் டீச்சர்', பேரப்பிள்ளை பார்க்கிறவர். அவ்வளவுதான்.

முதலில் ஒரு விளக்கம். நம்மூரில் புலமைப்பரிசில் என்றால் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை. அதைத் தாண்டினால் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ், பி.எச்.டி. செய்யப் போவது. நான் சொல்லும் ஃபெலோஷிப் இந்த இரண்டுமில்லை. பட்டம் தர மாட்டார்கள், பரீட்சை இல்லை, பாட வகுப்பும் இல்லை. ஆய்வாளர், எழுத்தாளர், ஓவியர், ஊடகவியலாளர், சட்டத்தரணி என்று வேறு வேறு துறை ஆட்களைத் தெரிந்து, ஓரிடத்தில் தங்க வைத்து, அவரவர் கையில் இருக்கும் வேலையைச் செய்து முடிக்க நேரமும் பணமும் ஒரு அறையும் கொடுப்பார்கள். சிலது ஒரு மாதம், சிலது ஒரு வருடம்.

ராத்தா எதற்கு விண்ணப்பித்தார் என்பது இங்கே தேவையில்லை. இந்த வகை எப்படிப்பட்டது என்று காட்ட வேறொன்றை எடுக்கிறேன். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ரட்கிளிஃப் நிலையம். இன்று வருடத்துக்கு ஏறக்குறைய 50 பேரை எடுக்கிறார்கள். செப்டெம்பர் முதல் மே வரை அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டும். உதவித்தொகை உண்டு, தனி அறை உண்டு, ஹார்வர்டின் நூலகங்கள் திறந்திருக்கும். ஆனால் அதன் இன்றைய பெருமையை விட அது எப்படிப் பிறந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ரட்கிளிஃப் அப்போது பெண்கள் கல்லூரி. 1960இல் அதன் தலைவியாக வந்தவர் மேரி பன்டிங். நுண்ணுயிரியல் விஞ்ஞானி, கணவரை இழந்தவர், நான்கு பிள்ளைகளின் தாய். அவர் ஒன்றைக் கவனித்தார். நன்றாகப் படித்த பெண்கள் கல்யாணம், பிள்ளை, வீடு என்று வந்ததும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். அவர்களை யாரும் கட்டிப் போட்டு வைக்கவில்லை. அவர்களிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை, அதுதான் நோய் என்றார். திட்டுகிறவனோடு சண்டை பிடிக்கலாம்; எதையுமே எதிர்பார்க்காத ஊரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அந்தப் பெண்கள் விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவதற்காக ஒரு நிலையத்தை அறிவித்தார். 1961இல் முதல் தொகுதிப் பெண்கள் வந்தார்கள். கொஞ்சம் பணம், ஒரு அறை, நூலகம், பேச்சுத் துணைக்குத் தங்களைப் போன்ற வேறு பெண்கள்.

விண்ணப்பிக்க என்ன தகுதி கேட்டார்கள் தெரியுமா? கலாநிதிப் பட்டம், 'அல்லது அதற்குச் சமமானது'. இந்த 'சமமானது' என்ற சொல்தான் கதவு. அந்தக் கதவால் உள்ளே போனவர்களில் ஒருவர் அன் செக்ஸ்டன், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத கவிஞர். இன்னொருவர் டில்லி ஓல்சன். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், நான்கு பெண் பிள்ளைகளின் தாய், கிடைத்த கூலி வேலைகளைச் செய்து குடும்பம் பார்த்தவர். அவருடைய முதல் கதைத் தொகுதி 1961இல் வந்தது. ரட்கிளிஃபுக்கு 1962இல் போகும்போது வயது ஐம்பது. எழுதத் தெரிந்தவர்கள் ஏன் எழுதாமல் போகிறார்கள் என்பதைப் பற்றி அங்கே அவர் ஒரு உரை நிகழ்த்தினார். அந்த உரையிலிருந்து வளர்ந்ததுதான் 'சைலன்சஸ்' என்ற அவருடைய புத்தகம். 1978இல் வெளிவந்தது.

1999இல் ரட்கிளிஃப் ஹார்வர்டோடு முழுதாக இணைந்தது. இப்போது ஆண்களும் போகலாம். போட்டியும் பயங்கரம். ஆய்வுத் துறைகளுக்குக் கலாநிதிப் பட்டம் கேட்பார்கள். படைப்பாளிகளுக்கு அதுவரை செய்த வேலையைப் பார்ப்பார்கள். நம் ராத்தா நாளைக்கே அங்கு போய்விடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொப்பிகளை வைத்துக்கொண்டு குசினி மூலையில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, 'உன் வேலையும் ஒரு வேலைதான்' என்று சொல்லத்தான் இந்த வகை ஏற்பாடே தொடங்கியது என்பதைச் சொல்கிறேன். அதைத் தெரிந்த பிறகு "அதெல்லாம் படிச்ச ஆக்களுக்கு" என்று நாம் சொல்லலாமா?

இனி விண்ணப்பம் எழுதிய கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கும் உதவும்.

ராத்தா முதலில் எழுதிக்கொண்டு வந்தது நான்கு பக்கம். பிறந்த ஊர், வாப்பாவின் பெயர், படித்த பாடசாலை, வலய மட்டத்தில் எடுத்த சான்றிதழ்கள், சாகித்திய விழாவில் போர்த்திய பொன்னாடை, சமூகத்துக்குச் சேவை செய்யும் ஆசை. கவிகளைப் பற்றி கடைசியில் மூன்று வரி. குறை அவரில் இல்லை. நாங்கள்தான் பிள்ளைகளுக்கு அப்படிப் படிப்பித்தோம். ஆண்டு ஆறிலிருந்து 'என்னைப் பற்றி' என்று எழுதக் கொடுக்கிறோம். 'எனக்கு விளங்காத ஒன்று' என்று ஒரு நாளாவது எழுதக் கொடுத்திருக்கிறோமா? இவ்வளவு வருடம் தமிழ் படிப்பிக்கிறேன், நான் கொடுத்ததில்லை.

தெரிவுக்குழு கேட்பது நாம் யார் என்பதை அல்ல. எதைத் தேடுகிறோம், இதுவரை மற்றவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள், நாம் புதிதாக என்ன கொண்டுவருகிறோம், கொடுக்கும் மாதங்களுக்குள் எது முடியும். இந்த நான்குக்கும் ராத்தாவின் முதல் வரைவில் பதில் இல்லை.

"ராத்தா, இந்தக் கவிகளில ஒங்களுக்கே விளங்காத ஒண்டு சொல்லுங்க" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். நம் கவிகள் பல, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பேசுவதுபோல இருக்கும். மச்சான் ஒன்று சொல்வான், மச்சி திருப்பிக் கொடுப்பாள். "எனக்குப் பாடித்தந்தது எல்லாம் பொம்புளயள். மச்சான்ட கவியும் அவங்களுக்குத்தான் பாடம். அப்ப அத ஆர் கட்டின? வயல்காவல்ல இருந்த ஆம்புளயா, இல்லாட்டி ஆம்புள இப்பிடிக் கதச்சா நல்லா இருக்கும் எண்டு நெனச்ச பொம்புளயா?"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவ்வளவு நாளும் அந்தக் கேள்வி அவரிடமே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

விண்ணப்பம் அந்தக் கேள்வியில் தொடங்கியது. இந்தத் துறையில் முன்னோடிகள் இருக்கிறார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் சட்டத்தரணி. அந்தத் தொழிலுக்கு நடுவே கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அவரைப் போன்றவர்கள் செய்ததை மதிப்போடு சொல்லி, அதற்கு மேல் ராத்தாவிடம் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. ராத்தாவுக்கு இது கூச்சமாக இருந்தது. "பெரிய மனிசர் செஞ்சதுக்கு மேல நான் என்ன சொல்ற?" என்றார். அவருடைய கொப்பியின் ஓரத்தில் இருந்த பென்சில் குறிப்புகளைக் காட்டினேன். பாட்டு மட்டுமல்ல, பாடியவரும் அங்கே இருக்கிறார்.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். இதில்தான் நாம் வழுக்கி விழுகிறோம். முன்னாள் அதிபர் ஒருவரிடம் கேட்டோம். நல்ல மனிதர், ஒரே நாளில் தந்தார். கடிதத் தலைப்பு, இறப்பர் முத்திரை எல்லாம் இருந்தன. இவர் நேரம் தவறாதவர், ஒழுக்கமானவர், பாடசாலை விழாக்களில் முன்னின்று உழைப்பவர், இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். ராத்தாவின் பெயரை எடுத்துவிட்டு நம் பாடசாலையின் எந்த ஆசிரியருடைய பெயரையும் போடலாம். அது நன்னடத்தைச் சான்றிதழ். தெரிவுக்குழுவுக்கு வேண்டியது, இந்த வேலையை வாசித்த ஒருவர், இது ஏன் முக்கியம், இவரால் ஏன் முடியும் என்று சொல்லும் கடிதம். அவர்களுக்கு அனுப்ப, அந்தக் கொப்பிகளை வாசித்த ஒருவர் வேண்டும். நம்மூரில் அப்படி யார் இருந்தார்கள்? இத்தனை வருடமாக ஒரே பாடசாலையில், ஒரே தெருவில் இருந்தும், கொப்பிகளைத் திறந்து பார்த்தவர் எவருமில்லை. நானே அந்த விண்ணப்பம் வந்த பிறகுதான் முழுதாக வாசித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் இரண்டு பல்கலைக்கழக விரிவுரையாளர்களிடம் பத்துக் கவிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசித்து, கேள்வி கேட்டு, பிறகுதான் கடிதம் தந்தார்கள். அவசரப்பட்டு இரண்டு நாளில் கேட்டிருந்தால் அவர்களும் முத்திரைக் கடிதம்தான் தந்திருப்பார்கள். குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்னரே கேளுங்கள்.

ஆங்கிலம் அடுத்த மலை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி மொழிபெயர்த்தாள். 'மச்சான்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று மூன்று பேரும் ஒரு பின்னேரம் முழுவதும் மண்டையை உடைத்தோம். கடைசியில் 'மச்சான்' என்றே விட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதினோம். அந்தப் பிள்ளை போகும்போது, "டீச்சர், எங்கட உம்மும்மாவும் இப்பிடிப் பாடுவாங்க, நான் போய் ரெக்கோட் பண்ணப் போறன்" என்றாள். விண்ணப்பத்தின் முதல் பலன் அதுதான்.

இனி ஊர் கேட்ட கேள்விகள். "எவ்வளவு காசு தருவான்?" அது முதலாவது. "ஆரோட போற?" அது இரண்டாவது. என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வியை நான் கேலி செய்யவில்லை. மார்க்கத்தில் மஹ்ரம் பற்றிய பேச்சு உண்டு, உலமாக்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அவரவர் குடும்பம் உலமாக்களிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். சில ஃபெலோஷிப்களில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம், சிலதில் முடியாது. விதிமுறையை வாசித்தால் தெரியும். ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்கு நம் பெண்களை எத்தனை வருடமாக அனுப்புகிறோம்? பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத வீட்டுக்குள், கடவுச்சீட்டையும் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அப்போது கல்யாண வீட்டில் யார் சிரித்தது? மூதூர் றிசானா நபீக் 2005இல், வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டோடு போன பிள்ளை. 2013 ஜனவரி 9ஆம் திகதி நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வறுமைக்காகப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. குனிந்து கூட்டப் போகிற பெண்ணிடம் கேட்காத கேள்வியை, நிமிர்ந்து எழுதப் போகிற பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

"இதெல்லாம் வெள்ளக்காரன்ட வேல" என்று ஒரு நானா கொமென்ட் போடுவார் என்று தெரியும். நானா, மதீனாவில் ரஸூலுல்லாஹ்வின் பள்ளிவாசலில் ஸுஃப்பா என்று ஒரு திண்ணை இருந்ததே. வீடு வாசல் இல்லாத ஸஹாபாக்கள் அங்கே தங்கி மார்க்கம் கற்றார்கள், மற்ற ஸஹாபாக்கள் உணவு கொடுத்தார்கள். பசியோடு அங்கே கிடந்த அபூஹுரைரா (ரழி) அவர்கள் வழியாக நமக்கு எத்தனை ஹதீஸ்கள் வந்திருக்கின்றன? தங்க இடமும் உணவும் கொடுத்து ஒருவரை அறிவோடு இருக்க விடுவது நமக்குப் புதிதல்ல. வக்பு சொத்துகளால் மத்ரஸாக்களும் நூலகங்களும் நடந்த வரலாறும் நம்முடையது. இன்று நம் வக்பில் கடை அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறோம். அதில் ஒரு அறையை, மூன்று மாதத்துக்கு, புத்தகம் ஒன்றை முடிக்க இருக்கும் ஒருவருக்குக் கொடுத்தால் என்ன என்று நம்பிக்கையாளர் சபையில் யாராவது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மின்விசிறியும் மேசையும் போதும். பெண்களுக்குத் தனி நேரம் வையுங்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குச் சில தகவல். இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில், கோமோ ஏரிக்கரையில், ரொக்கஃபெல்லர் மன்றத்தின் நிலையம் 1959 முதல் அவர்களிடம் இருக்கிறது. அங்கே தங்குவது சுமார் ஒரு மாதம். அரச, அரச சார்பற்ற துறைகளில் அனுபவமுள்ள தொழில்வாண்மையாளர்களுக்கு அமெரிக்காவின் ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் உண்டு, 1978இல் தொடங்கியது; இலங்கையில் ஃபுல்பிரைட் ஆணைக்குழு வழியாக அறிவிப்பார்கள். நூல் வெளியிட்ட எழுத்தாளர்களுக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்து நிகழ்ச்சி, 1967இலிருந்து. தமிழில் எழுதிய அசோகமித்திரன் 1973இல் அங்கே போய்த் தங்கினார், 'ஒற்றன்' நாவல் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. நூலகத்தில் இருந்தால் எடுத்து வாசியுங்கள், எழுத்தாளர்கள் கூடி இருக்கும் இடம் அப்படியொன்றும் சொர்க்கமில்லை என்பதும் தெரியும். இந்தக் கதவுகள் எப்போதும் திறந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2025இல் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் அயோவா நிகழ்ச்சிக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தியது. ஆகவே ஒவ்வொரு வருடமும் அவர்களுடைய தளத்தில் நிபந்தனையையும் திகதியையும் பாருங்கள். வட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்பை நம்பாதீர்கள், விண்ணப்பத்துக்கு 'முகவர் கட்டணம்' கேட்டால் உடனே விலகிவிடுங்கள். சேவையில் உள்ள ஆசிரியர்கள் "லீவு எடுக்க ஏலா" என்று தொடங்கும் முன்னரே நிறுத்துகிறார்கள். முதலில் தெரிவாகுங்கள், லீவுக்கு அலைவதை அதற்குப் பிறகு பார்ப்போம். அந்த அலைச்சல் எனக்கும் தெரியும்.

ராத்தா இரண்டாம் தடவை போடுகிறார். இந்த முறை வேறொரு இடத்துக்கு. மச்சான் கவிகளை மட்டும் தனியாகப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டார். வரும் வெள்ளி அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். கொப்பிகளை ஸ்கேன் பண்ண வேண்டும், ஈரம் பட்ட பக்கங்கள் சில ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, கை பதமானவர்கள் வேண்டும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் மடிக்கணினியோடு வரலாம். மூத்தம்மா, உம்மும்மா உயிரோடு இருக்கிறவர்கள் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கல்யாண வீட்டில் அந்தக் கதை சொன்ன ராத்தாவும் இந்தப் பதிவை வாசிப்பார் என்று தெரியும். நீங்களும் வாங்க ராத்தா, ஒங்கட உம்மாவுக்கு நிறையக் கவி பாடம் என்று கொப்பியில் எழுதியிருக்கிறது. தேத்தண்ணியும் வட்டிலப்பமும் என் பொறுப்பு.